தோலுக்கு ஸ்டிக்கர் ஒட்ட முடியாது

கோயமுத்தூர்ப் பக்கத்து வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறப் போகிற பக்தர்களை, பூண்டி ஆண்டவர் கோயிலைத் தாண்டிப் படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் வனத்துறைக்காரர்கள் நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள். பிஸ்கட் பாக்கெட் இருந்தால் பிரித்து, பிஸ்கட்டைக் காகிதப் பையில் கொட்டிக் கொடுத்துவிட்டு உறையை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்குவார்கள். இறங்கி வந்து ஸ்டிக்கரோடு பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். முணுமுணுத்துக்கொண்டாவது எல்லோரும் கட்டிவிடுகிறார்கள். 20 ரூபாய்க்காகவாவது பாட்டில் ஏழு மலையும் இறங்கி வருகிறது. அதே பையில் ஒரு சீப்பு வாழைப்பழம், அரை டஜன் ஆரஞ்சு, இலையில் கட்டிய புளிசோறு, அவித்த கடலை எல்லாம் இருக்கும். அவற்றுக்கு ஸ்டிக்கரும் இல்லை, முன்பணமும் இல்லை. இயற்கைப் பொருள்தானே என்று பை மூடப்படுகிறது.

மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனைப் பக்கம் மூச்சு வாங்க உட்காருகிற கூட்டத்துக்குக் காது கொடுத்தால், பருவம் முழுக்க ஒரே பேச்சுதான். ஒருவர் ஆரஞ்சை உரித்துத் தோலைப் பாறைக்குப் பின்னால் போடுவார். "மாப்ள, அதையும் பையில போட்டுக்கலாமில்ல?" என்று கூட வந்தவர் கேட்பார். "இதையா? அட, ரெண்டு நாள்ல மக்கிப் போயிரும்டா. மரத்துக்கு எருதானே." பக்கத்தில் தடியை ஊன்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "கொரங்கு கிரங்கு வந்து தின்னுக்குமுங்க தம்பி, புண்ணியந்தான்" என்று முடித்து வைப்பார். பிளாஸ்டிக் பற்றிய வாக்குவாதம் நம் ஊரில் ஒருவாறு தீர்ந்துவிட்டது. போடுகிறவர்கூட தவறு என்று தெரிந்துதான் போடுகிறார். தோலைப் போடுகிறவருக்கு அந்த உறுத்தலே கிடையாது. பாட்டிலைப் பத்திரமாகப் பைக்குள் வைக்கிற அதே கை, அதே நல்ல மனசோடு, தோலை வீசுகிறது. அதனால்தான் இந்த "மக்கிப் போயிரும்" என்ற சொல்லை லேசில் விட்டுவிட முடியவில்லை.

மக்குவதற்கு என்னென்ன வேண்டும்

தோட்டத்தில் எருக்குழி போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். காய்கறிக் கழிவைக் குழியில் கொட்டிவிட்டால் மட்டும் எரு ஆகிவிடாது. ஈரம் வேண்டும், சொதசொதப்பு கூடாது. சாணிக் கரைசல் தெளிக்க வேண்டும். காய்ந்த சருகும் பச்சைக் கழிவும் அடுக்கடுக்காக விழ வேண்டும். குழிக்குள் கையை விட்டால் சுடுகிற அளவுக்கு உள்ளே சூடு ஏற வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டிக் கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் எரு கிடைக்கும். மலைப்பாதை ஓரத்தில் இதில் எது இருக்கிறது? ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து இறுகிப்போன தரை. அதற்குப் பக்கத்தில் வெறும் பாறை. தோல் விழுவது மண்ணுக்குள் அல்ல, மண்ணுக்கு மேலே.

பருவத்தையும் பாருங்கள். வெள்ளியங்கிரிக்கு ஆள் ஏறுவது பிப்ரவரியிலிருந்து மே வரை. வருடத்திலேயே மலை காய்ந்து கிடக்கிற மாதங்கள் அவை. மழைக்காலத்தில் பாதை வழுக்கும், அட்டை கடிக்கும், யானை நடமாட்டம் தெரியாது என்றுதான் அனுமதி இருப்பதில்லை. அதாவது மக்குவதற்குத் தோதான காலத்தில் தோல் போட ஆள் இல்லை. போட ஆள் இருக்கும் காலத்தில் தோல் மக்குவதில்லை. ஐந்தாவது மலைக்கு மேலே சோலையும் புல்வெளியுமாக மாறுகிற இடத்தில் ராத்திரி குளிர், பகலில் வெயில், எந்நேரமும் காற்று. அங்கே விழுந்த வாழைப்பழத் தோல் ஒரே நாளில் கறுத்து, ஒரு வாரத்தில் செருப்புத் தோல் மாதிரி விறைத்துவிடும். கருவாடு போடுகிறவர்கள் மீனை அழுகாமல் காப்பாற்றுவது வெயிலையும் காற்றையும் வைத்துத்தான். மலையும் தோலை அப்படித்தான் காப்பாற்றி வைக்கிறது.

ஆரஞ்சுத் தோல் இன்னும் மோசம். பிள்ளைகள் ஒருவர் கண்ணில் ஒருவர் பீய்ச்சி விளையாடுவார்களே, அந்த எண்ணெய் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டுவதற்காகவே பழம் தன் தோலில் சேர்த்து வைத்திருக்கும் சரக்கு. உரித்துப் போட்ட பிறகும் அது சுலபத்தில் போய்விடாது. நிலக்கடலைத் தோடு மரச்சக்கைக்குச் சமம். தேங்காய்ச் சிரட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அகப்பை செய்து பத்து வருஷம் புழங்கலாம்.

"ஒரு தோலு போட்டா என்னுங்க ஆயிரப் போகுது?" என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு நடுத்தர வாழைப்பழத்தின் தோல் ஏறத்தாழ 40 கிராம். ஆளுக்கு இரண்டு பழம் என்றால் 80 கிராம். ஒரு ராத்திரியில் ஆயிரம் பேர் ஏறினால் 80 கிலோ, அதுவும் ஒரே பாதையின் இரண்டு ஓரத்தில், உட்காரத் தோதான பத்துப் பதினைந்து இடங்களில். மறுநாள் ராத்திரி அடுத்த ஆயிரம் பேர் வருவார்கள். போன வாரத் தோல் விறைத்துக் கிடக்கும்போதே இந்த வாரத் தோல் அதன்மேல் விழுகிறது.

எருவாகும் என்றே வைத்துக்கொண்டாலும் அது அந்த இடத்துக்கு வேண்டாத எரு. உச்சிப் புல்வெளியின் மண் மெல்லியது, சத்துக் குறைந்தது. அங்குள்ள புல்லும் செடியும் அந்த வறுமைக்குப் பழகியவை. உட்காருகிற இடங்களில் மட்டும் திடீரென்று சத்து கூடினால் முதலில் தழைப்பது களை. கூடவே துப்பிய கொய்யா விதை, தக்காளி விதை முளைக்கும். தக்காளி விதை மனிதர் வயிற்றைக் கடந்து வந்தும் முளைக்கக்கூடியது என்பதால், எங்கே முளைத்தது, எப்படி வந்தது என்று ரொம்ப விசாரிக்காமல் இருப்பது நல்லது.

உப்பு

இதுவரை சொன்னது வெறும் அசிங்கம், தாமதம் பற்றிய விஷயம். இதோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சிக்கல் தொடங்குவது உணவு மிச்சத்தையும் பிளாஸ்டிக்கையும் நாம் இரண்டு கணக்கில் வைத்திருப்பதில்தான். மக்காத குப்பை கெட்டது, மக்கும் குப்பை பரவாயில்லை என்று பள்ளிக்கூடச் சுவரில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வரைந்து பழகிவிட்டோம். காட்டில் அந்தப் பிரிவினை செல்லாது.

ஒரு சிப்ஸ் உறையைக் கிழித்துத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பின் மேல் எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய உப்புத் தூள், மூலை மடிப்பில் நான்கைந்து துணுக்கு. காட்டில் இலை தழை தின்னும் விலங்குக்கு உப்பு அபூர்வம். அதற்காகவே கடமானும் காட்டுமாடும் யானையும் உப்பு மண் இருக்கிற இடம் தேடி நெடுந்தூரம் நடந்துபோய் மண்ணை நக்கும். அப்படிப்பட்ட விலங்கின் மூக்குக்கு அந்த உறை குப்பை ஆகாது. நக்குகிறது. நக்க நக்க உறை நாக்கில் ஒட்டி வாய்க்குள் போய்விடுகிறது. மானுக்கு உறையைப் பிடித்துக்கொள்ளக் கையும் இல்லை, துப்பிவிடுகிற வழக்கமும் இல்லை. முடிச்சுப் போட்ட கேரி பையில் மீந்த புளிசோறு என்றால் கதை இன்னும் சுருக்கம். முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்கும்.

கழுவிக் காய்ந்த வெற்று பிளாஸ்டிக் காட்டில் கிடந்தால் அது கண்ணுக்கு அசிங்கம், ஆனால் பெரும்பாலான விலங்குகள் அதைக் கடந்து போய்விடும். அதைத் தின்ன வைப்பது அதில் ஒட்டியிருக்கும் சோறும் உப்பும் சர்க்கரையும். வாசனையை அனுப்பி விலங்கைக் கூப்பிடுவது "மக்கிப் போகிற" பொருள். வந்த விலங்கின் வயிற்றை அடைப்பது மக்காத பொருள். பாறைக்குப் பின்னால் வீசிய ஆரஞ்சுத் தோல், "இங்கே வந்தால் தின்ன ஏதாவது கிடைக்கும்" என்று விலங்குக்கு இடம் காட்டிக் கொடுக்கிறது. அதே இடத்தில் நாளைக்கு வேறொருவர் போட்ட உறையையும் அது தின்னும். தோல் போட்டவருக்கு உறையில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். யானை அசை போடாது. விழுங்கியது குடல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி லத்தியோடு வெளியே வந்துவிடும். மருதமலைப் பக்கம் குப்பைக் கிடங்கை மேய்ந்த யானைகளின் லத்தியில் பால் கவரும் முகக்கவசமும் கிடந்த படங்கள் 2022-இல் வெளிவந்தது அதனால்தான். எல்லாமே வெளியே வந்துவிடுவதும் இல்லை. 2025 மே மாதம் அதே மருதமலைப் பக்கம் இறந்துபோன பெண் யானையைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, கருப்பையில் குட்டியும் இருந்தது. அது ஊர்க் குப்பைக் கிடங்கின் வேலை, மலையேறுகிறவர்களுடையது இல்லை. ஆனால் மருதமலையும் வெள்ளியங்கிரியும் ஒரே காட்டின் இரண்டு ஓரங்கள். யானைக்கு எல்லைக் கல் தெரியாது.

மானுக்கும் காட்டுமாட்டுக்கும் வயிறு நான்கு அறை. முதல் இரண்டு அறைகளில் தங்கும் தீனி மறுபடி வாய்க்கு வந்து, அசைபோடப்பட்டு, சில மில்லிமீட்டர் அளவுக்கு நைந்த பிறகே அடுத்த அறைக்குப் போகும். பிளாஸ்டிக் எவ்வளவு மென்றாலும் நையாது. ஆகவே போகாது. உருண்டு திரண்டு, அடுத்த உறையோடு பின்னிக்கொண்டு, அங்கேயே கிடக்கும். இடம் குறையக் குறைய விலங்கு குறைவாகத் தின்னும், வயிறு நிறைந்த மாதிரியே இருந்துகொண்டு மெலிந்து சாகும். மான் புழுக்கையில் பிளாஸ்டிக் தென்படவில்லை என்று நிம்மதி கொள்ள ஒன்றுமில்லை. உள்ளே போனதில் பெரும்பகுதி வெளியே வராது என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

சரி, பிளாஸ்டிக்கே இல்லை, வெறும் சோறுதான் என்றால்? மாடு வளர்க்கிறவர்களுக்கு இது பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் மீந்த சோற்றை மாட்டுக்கு அள்ளி வைத்தால் என்ன ஆகும், மாட்டுப் பொங்கலன்று ஆசையாக அண்டா நிறையப் பொங்கல் ஊட்டினால் மறுநாள் ஏன் கால்நடை மருத்துவர் வர வேண்டியிருக்கிறது என்று தெரியும். மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் முதல் வயிற்றில் புளிப்பு ஏறும். நார் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மாடு தீனி எடுக்காது, வயிறு உப்பும், படுத்துவிடும். வீட்டு மாட்டுக்குச் சோடா உப்புக் கரைசல் கொடுக்கவும் ஊசி போடவும் ஆள் உண்டு. ஆறாவது மலையில் புளிசோறு தின்ற கடமானுக்கு யார் இருக்கிறார்கள்?

குரங்குக்குப் புண்ணியம்

பெரியவர் சொன்ன புண்ணியத்தையும் பார்த்துவிடலாம். நாட்டுக்குரங்கு காட்டில் தன் நாளின் பெரும்பகுதியை இலை, காய், பூச்சி என்று தேடித் தின்பதில் கழிக்கும். பாதை ஓரத்தில் கிடைக்கும் சோறும் பழமும் அந்த வேலையை நிமிடங்களில் முடித்துவிடும். இரண்டு கன்னப் பைகளிலும் அடைத்துக்கொண்டு மரத்தில் ஏறி நிதானமாக மெல்லலாம். மிச்சமாகிற நேரத்தைச் சண்டையிலும் பாதையைக் காவல் காப்பதிலும் செலவிடும். கொஞ்ச நாளில் அது கேட்டு வாங்காது, பிடுங்கும். கேரி பையின் சரசரப்புச் சத்தம் கேட்டாலே இறங்கி வரும் குரங்கை எந்த மலைக்கோயில் படியிலும் பார்க்கலாம். பிறகு யாரையாவது கடிக்கும், புகார் போகும், கூண்டு வரும், பிடித்துக்கொண்டு போய் அதற்குப் பழக்கமில்லாத ஏதோ ஒரு காட்டில் விடுவார்கள். இதில் புண்ணியம் எந்த இடத்தில் சேர்ந்தது என்று தெரியவில்லை.

அரிசியின் ருசி கண்ட யானைக்கு என்ன ஆனது என்பதற்கு அரிக்கொம்பனே போதும். கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்து அரிசி தின்று பெயரே அப்படி ஆகி, 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்து கம்பம் ஊருக்குள் வந்தது. ஜூனில் மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். நாக்கு ஒன்றைப் பழகிவிட்டால் காட்டை மாற்றி விட்டாலும் மறப்பதில்லை.

சின்ன விலங்குகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சோற்றுப் பருக்கை இருக்கிற இடத்துக்கு எலி வரும். எலி வருகிற இடத்துக்குப் பாம்பு வரும். ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் அதே பாறையில்தான் கையை ஊன்றி உட்காருகிறார்கள். ஊர் நாய்களும் மிச்சத்துக்கு ஆசைப்பட்டுக் கூட்டத்தின் பின்னாலேயே மேலே ஏறிவிடும். ஏறிய நாய் மானைத் துரத்தும், தன் நோயையும் கொண்டுபோகும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை என்பதால் சிறுத்தையும் பாதைக்கு அருகே வரும்.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி

குப்பையை மலையில் சமாளிப்பது கடினம், வீட்டில் சமாளிப்பது சுலபம். மேலே போகிற ஒவ்வொரு பொருளையும் எடுத்து, "இதில் திரும்பி வரப்போவது எது?" என்று பார்த்து, முடிந்ததை அடுக்களையிலேயே கழித்துவிட வேண்டும். ஏழு மலை ஏறி இறங்க ஆளுக்கு 300 முதல் 400 கிராம் உலர்ந்த தீனி போதும். பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும், தோடு உடைத்த வறுகடலை, கொட்டை எடுத்த பேரீச்சை, சத்துமாவு உருண்டை, உறை பிரித்த கடலை மிட்டாய். எல்லாம் மூடி இறுகுகிற எவர்சில்வர் டப்பாவில். இதில் ஒன்றிலும் தோல் இல்லை, கொட்டை இல்லை, உறை இல்லை. சோறுதான் வேண்டுமென்றால் தூக்குச்சட்டியில் கொண்டுபோய், ஒருவர் தின்னும் அளவுக்கு மட்டும் கட்டுங்கள். மீந்த சோறுதான் வீசப்படுகிறது, குறைந்த சோறு வீசப்படுவதில்லை. இலையில் கட்டினால் அந்த இலையும் கீழே வர வேண்டும். புளிக்காய்ச்சல் எண்ணெய் ஊறிய இலை, கடமானுக்கு உப்புக் கல் மாதிரி.

பழம் வேண்டும் என்கிறவர்கள் மாதுளையை உதிர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆரஞ்சை வீட்டிலேயே உரித்து, சுளையாக டப்பாவில் அடைத்தால் ராத்திரி ஏறி விடிகிற வரைக்கும் தாங்கும். வாழைப்பழம் இல்லாமல் முடியாது என்றால் தோலோடு போய்த் தோலோடு வருவது ஒன்றே வழி.

மிட்டாய், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி, ஷாம்பு போன்ற சின்னப் பொட்டலங்களுக்குத் தனி எச்சரிக்கை. பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவரும் ஒழுக்கமானவர்கள்கூடத் தவறவிடுவது, கிழித்த மூலையை. நகத்தளவு முக்கோணம். பல்லால் கடித்துத் துப்பிவிடுவார்கள், துப்பியது நினைவிலேயே இருக்காது. குப்பை பொறுக்கப் போனால் முதுகு ஒடிவது இதனால்தான்: பாட்டிலை ஐம்பது தப்படியிலிருந்தே பார்க்கலாம், இந்த முக்கோணத்தைக் குனிந்தால்தான் பார்க்க முடியும். மூலையை முழுசாகக் கிழிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் கிழிப்பது ஒரு வழி. அதைவிட, ஒரு லிட்டருக்கான கரைசல் பொடியை வீட்டிலேயே அளந்த தண்ணீரில் கலந்து எடுத்துக்கொண்டால் மூலையே இல்லை. சுனைத் தண்ணீரைக் குடிக்கிற மலையில் ஷாம்பு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

அடுத்தது குப்பைக்கான பாத்திரம். பெரும்பாலானவர்கள் ஒரு கேரி பையைப் பையின் அடியில் திணித்து வைத்துவிட்டு, வேண்டும்போது எடுக்கச் சோம்பல்பட்டுத் தோலை வீசுகிறார்கள். எட்டுகிற இடத்தில் இல்லாத குப்பைப் பை, இல்லாத பைதான். அகல வாய் வைத்த, மரை மூடி போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஹார்லிக்ஸ் டப்பா அளவில், பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் நிற்க வேண்டும். அடியில் இரண்டு விரற்கடை கனத்துக்குச் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, மேலே ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலோ காய்ந்த காபித் தூளோ தூவினால், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாற்றமும் அடங்கும். மூடி இறுகியிருந்தால் குரங்குக்கு வாசனை போகாது, சரசரப்பும் இல்லை. கேரி பையில் செய்யும் தவறு இதுதான்: ஓட்டை விழும், பழச்சாறு துணியில் ஒழுகும், அடுத்த தடவை ஆள் குப்பையைச் சுமக்கவே மாட்டார்.

சுமையைக் காரணம் சொல்கிறவர்களுக்கு: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறும்போது ஒரு கிலோ. காலியானால் 25 கிராம்கூடத் தேறாது. இரண்டு வாழைப்பழத்தின் தோல் 80 கிராம். முழங்கால் நடுங்க இறங்குகிறவருக்கு அந்த 80 கிராமால் வலி கூடாது. வலி கூடுவதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கிறது, முதல் மலையின் படிக்கட்டு ஒன்றே போதும்.

எரிப்பது, புதைப்பது, தூர எறிவது

இந்த மூன்றும் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்தே செய்யப்படுகின்றன. சிப்ஸ் உறை என்பது ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கள், நடுவே அலுமினியப் பூச்சு. விறகுத் தீயில் போட்டால் சுருண்டு உருகி நாறும், பூச்சு கருகிய செதிலாக அப்படியே தங்கும். அதைவிடப் பெரிய விஷயம், மார்ச் மாதத்துக் காய்ந்த புல். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பற்றிய தீ அப்படிப்பட்ட புல்லில் பரவித்தான் 23 உயிர்களைக் கொண்டுபோனது. மலையில் எந்தக் காரணத்துக்காகவும் தீக்குச்சி உரசக் கூடாது என்பதற்கு மேல் இதில் விளக்கம் தேவையில்லை.

புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டும். ஒரு முழ ஆழம் அதன் மூக்குக்கு ஒன்றுமே இல்லை, கரடிக்கு நகமும் உண்டு. மலக்கழிவு மட்டும் புதைக்கலாம்: சுனையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, மண் போட்டு மூடி, மேலே கல் வைக்காமல். ஈரத் துடைப்பான் தாள் துணி மாதிரி இருந்தாலும் அதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், குழிக்குள் போடக் கூடாது. நாப்கின் திரும்பி வர வேண்டும், அதற்குத் தனி மூடி டப்பா.

தூர எறிவதில் ஒரே ஒரு பலன்தான், நம் கண்ணில் படாது. பாதையில் கிடந்தால் யாராவது எடுத்திருப்பார்கள். சரிவில் எறிந்ததை எடுக்கக் கயிறு கட்டி இறங்க வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு குப்பைத் தொட்டி வைத்தால் என்ன என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. தொட்டி வைப்பது சுலபம். ஆறாவது மலைத் தொட்டியை அன்றன்று காலி செய்து ஒருவர் தோளில் சுமந்து இறக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்தத் தொட்டி கரடிக்கும் பன்றிக்கும் வைத்த தீவனத் தொட்டி.

இறங்கும் வழியில்

மற்றவர் போட்டதையும் எடுக்கலாம் என்று குழுவாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏறும்போது பொறுக்காதீர்கள். சுமையும் கூடும், பாதி மலையிலேயே சாக்கு நிறைந்துவிடும். உச்சியிலிருந்து தொடங்கி இறங்கும் வழியில் எடுப்பதே சரி. மேல் மலைகளில் கிடப்பதைத்தான் வேறு யாரும் எடுக்கப் போவதில்லை. கனமான ரப்பர் கையுறையும், பாறை இடுக்கில் கிளறுவதற்கு ஒரு இடுக்கியும் அவசியம். தேளும் விரியனும் படுத்திருக்க மிகத் தோதான இடம், இரண்டு நாள் ஈரம் பிடித்த கேரி பைக்கு அடியில்தான். ஆளுக்கு ஐந்தாறு கிலோவுக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் தண்ணீர் மிச்சம் இருந்தால் சாய்த்துவிட்டு, மிதித்துச் சப்பையாக்கி, மூடியைத் திருகிப் போடுங்கள். ஒரு சாக்கில் இரண்டு மடங்கு கொள்ளும். ஸ்டிக்கர் திட்டம் கண்டுகொள்ளாத சின்ன உருப்படி அந்த மூடி. பாட்டில் மட்டும் போனாலே பணம் கிடைத்துவிடும்.

சாக்கு இரண்டு இருக்க வேண்டும். பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பளபளப்பு உறையை யாரும் எடுக்க மாட்டார்கள், அது உள்ளாட்சிக் குப்பை வண்டி வழியாக சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போனால் உண்டு. சோறு ஒட்டி நாறினால் இரண்டையுமே எவரும் வாங்க மாட்டார்கள். இங்கேயும் பிளாஸ்டிக்கைக் கெடுப்பது அந்த "மக்கிப் போகிற" பொருள்தான்.

பருவம் மே மாதக் கடைசியில் முடியும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். நான்கு மாதமாகப் பாறை இடுக்கில் விறைத்துக் கிடந்த தோலும் முக்கோண மூலைகளும் முதல் பெருமழையில் ஓடைக்கு வரும். கிழக்குச் சரிவின் ஓடைகள் எல்லாம் சேர்ந்துதான் நொய்யல். அது சமவெளிக்கு வந்து சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தேங்கி, வாய்க்கால் வழியாகக் கோயமுத்தூர்க் குளங்களுக்குப் பிரியும். ஒவ்வொரு வருஷமும் புது வெள்ளம் பார்க்க அங்கே ஜனம் கூடும். செம்மண் நிறத்தில் நுரை கட்டி வருகிற தண்ணீரில் முதலில் மிதந்து வருவது சருகும் சுள்ளியும். அதற்குப் பின்னால், மதகுக் கம்பியில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும் மற்றதெல்லாம்.